மூன்றாவது நிமிடத்தில் வரும் கை

ஒகேனக்கல்லில் நான் செய்வது மசாஜ் வேலை. அருவிக்கு இறங்குகிற படிக்கட்டு முடிந்ததும் பாறைகள் வரும். அவற்றில் ஒரு பாறை என்னுடையது என்று பேச்சு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக அதன்மேல் ஆட்களைப் படுக்கவைத்து எண்ணெய் தேய்க்கிறேன், அதனால் என்னுடையது.

இந்த வேலை எனக்கு ஒத்துப்போனதற்கு ஒரே காரணம்தான். வருகிறவர் குப்புறப் படுத்துவிடுவார். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த கேள்விக்குக்கூட எழுந்து நின்று, வேர்த்துப்போய், அப்படியே உட்கார்ந்தவன். பத்தாவதோடு படிப்பு நின்றது. முதுகுகளோடு எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

எண்ணெயைத் தேய்த்து முடித்தபிறகு முதுகைத் தட்ட வேண்டும். அதுதான் எங்கள் வேலையில் சத்தம் வருகிற இடம். விரித்த கையால் தட்டினால் ஒரு சத்தம், குழித்த கையால் தட்டினால் ஒரு சத்தம். இரண்டு உள்ளங்கையையும் லேசாகச் சேர்த்து விரல்களைத் தளர்த்தி அடித்தால் விரலோடு விரல் மோதி 'சட் சட்' என்று கேட்கும். முதுகுக்கு முதுகும் சத்தம் மாறும். ஒல்லியான ஆள் என்றால் பலகையைத் தட்டினாற்போல வறட்சியாக இருக்கும். பருத்த ஆளின் முதுகு உள்ளே வாங்கி வெளியே கொடுக்கும்.

எனக்குப் பக்கத்துப் பாறையில் வேலை செய்கிறவன் என் வயதுக்காரன். பதினெட்டு வருடமாக அடுத்தடுத்து நிற்கிறோம். என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். என்னிடம் வருகிறவர்களைக்கூட அவன்தான் கூப்பிடுவான். "வாங்க சார், அவன்கிட்ட படுங்க. வாய் பேச மாட்டான், கை நல்லாப் பேசுவான்" என்பான். அப்படித்தான் அந்தத் தாடிக்காரரும் என்னிடம் வந்தார்.

அது மே மாதம், கூட்டம் நெரிகிற நாள். பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருவருக்கும் முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒல்லியான தாடிக்காரர் என் பாறையில் படுத்தார். அவருடைய கூட்டாளி நல்ல பருமன். அவர் பக்கத்துப் பாறையில் படுத்து, எண்ணெய் வைத்த உடனே கண்ணை மூடிக்கொண்டார். தாடிக்காரர் பையிலிருந்து ஆரஞ்சுப்பழ அளவில் ஒரு ஸ்பீக்கரை எடுத்துத் தலைமாட்டில் வைத்தார்.

"அண்ணா, பாட்டு ஓடினா தொந்தரவா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். குப்புறப் படுத்திருப்பவருக்குத் தலையாட்டுவது தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. "இல்லீங்க" என்றேன்.

பாட்டு தொடங்கியது. முதலில் அடியில் ஒரு தடதடப்பு. கோயில் பண்டிகையில் பெரிய பெட்டி வைத்துப் போடுவார்களே, நெஞ்சுக்குள் இடிக்கிற டி.ஜே. சத்தம், அந்த ஜாதி. ஆனால் அவசரமில்லாமல், நடந்து போகிற வேகத்தில். அதன்மேல் ஏதோ ஒன்றைக் குச்சியால் உரசுகிற சத்தம் வந்தது. மேலே மீன் வறுக்கிற கடைகளில் கத்தியால் செதில் எடுக்கும்போது 'சர்ர்... சக்சக்' என்று கேட்குமே, அதேதான். கடையில் இருந்துதான் வருகிறதோ என்று ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தேன். பிறகு ஆர்மோனியம் மாதிரி ஒன்று, ஆனால் மூச்சு வாங்கி வாங்கி அழுகிற மாதிரி. ஒரு பெண் பாடினாள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

பக்கத்துப் பாறைக்காரனால் பொறுக்க முடியவில்லை. "என்னா சார் இது? கல்யாண பேண்டு செட்ட மிசின்ல போட்டு அரச்ச மாதிரி இருக்குது!"

தாடிக்காரர் சிரித்ததில் என் கைக்கடியில் அவர் முதுகு குலுங்கியது. "கிட்டத்தட்ட அதேதாங்க. மெக்சிகோன்னு ஒரு நாடு. அமெரிக்காவுக்குக் கீழ இருக்கு. அங்க கிராமத்துல வாசிக்கற பாட்டு. அத எடுத்து, கம்ப்யூட்டர்ல பீட் சேத்து, ஆடறதுக்குத் தகுந்தாப்ல பண்றது. நானும் பண்றேன், அதான் வேலை."

"அந்த உரசற சத்தம் என்னாங்க?" இதைக் கேட்டது நான்தான். கேட்டபிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அது சுரைக்குடுக்கைங்கண்ணா. காய வச்சு, மேல வரி வரியா வெட்டி, குச்சியால தேய்ப்பாங்க."

"சொரக்குடுக்கையா? அது எங்க வூட்லயே கெடக்குது சார்" என்றான் அவன். "தேச்சா பொண்டாட்டி அடிப்பா."

பாட்டு மாறிக்கொண்டே இருந்தது. நான் முதுகைத் தட்டத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையைத் தூக்கி, "அண்ணா, நீங்க பீட்டுக்குள்ளயே அடிக்கறீங்க, தெரியுதா?" என்றார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னபிறகு கை தடுமாறியது. அவர் விடவில்லை. மெக்சிகோவில் ஒரு பக்கம் ஆட்கள் மரப்பலகை மேல் ஏறி ஆடுவார்களாம். மேளம் தனியாகக் கிடையாதாம். அந்தக் கால் சத்தம்தான் மேளமாம். "அங்க பலகை, இங்க முதுகு. இதை ரெக்கார்டு பண்ணிக்கட்டா? என் பாட்டுல சேத்துக்கறேன்" என்றார்.

நான் பக்கத்துப் பாறைக்காரனைப் பார்த்தேன். "பண்ணிக்கங்க சார், அவனுக்கென்ன" என்று என் சார்பில் அவனே அனுமதி கொடுத்தான்.

என் பக்கம் பாறை ஈரம். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் சொட்டச் சொட்ட அந்த வழியாகத்தான் போவார்கள். அதனால் அவர் செல்போனைக் காய்ந்த பக்கமாக, இரண்டு பாறைக்கும் நடுவில், கொஞ்சம் அவனுக்கு நெருக்கமாக வைத்தார். ஸ்பீக்கரை அணைத்தார். யாரும் பேச வேண்டாம் என்றார். பக்கத்துப் பாறைக்காரன் இரண்டு நிமிடம் வாயை மூடியிருந்தான். அந்தப் பதினெட்டு வருடத்தில் அது ஒரு சாதனை. நான் என் ஆளைத் தட்டினேன், அவன் அவனுடைய ஆளைத் தட்டினான்.

போகும்போது தாடிக்காரர் என் நம்பர் கேட்டார். எங்களுக்கு எண்ணெய்க் கையோடு செல்போனைத் தொட முடியாது. தொட்டாலும் அதற்கு எங்கள் விரல் தெரியாது. பாலித்தீன் கவரில் சுற்றி மேலே மரக்கிளையில் தொங்கவிட்டிருப்போம். நம்பரையும் பேரையும் சொன்னேன், அவரே போட்டுக்கொண்டார். "முடிஞ்சதும் அனுப்பறேங்கண்ணா. அதுவரைக்கும் கேக்கறதுக்கு நாலு பாட்டு அனுப்பறேன்" என்றார்.

சொன்னபடி அன்று சாயந்திரமே நாலு பாட்டு வந்தது.

நான் இருப்பது பென்னாகரத்தில், அண்ணன் வீட்டு மாடியில் போட்ட ஒற்றை அறை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முப்பது வயதில் இரண்டு இடத்தில் பார்த்தார்கள். ஒரு இடத்தில் பெண்ணின் மாமா, "ஆம்பளைங்க முதுகத் தேக்கற வேலையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. அண்ணி சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி மாடிப்படியில் வைத்துவிடுவார். பாசம் இல்லாமல் இல்லை. நான் கீழே போனால் எல்லோருக்கும் பேச்சு நின்றுவிடும், அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்.

அந்த நாலு பாட்டைத்தான் அந்த வெயில் காலம் முழுக்கக் கேட்டேன். எனக்கு ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. தமிழ்ப் பாட்டு என்றால் வார்த்தை இருக்கும். அதில் யாரோ யாரையோ விரும்புவார்கள், பிரிவார்கள். அது நமக்கு நடக்காத விஷயம் என்று உடனே தெரிந்துவிடும். இதில் வார்த்தை புரியாததால் அந்தத் தொல்லை இல்லை. அந்த மூச்சு வாங்கும் பெட்டி அழும்போது அது எதற்கு அழுகிறது என்று நானே வைத்துக்கொள்ளலாம். அது அழுதுகொண்டே இருக்கும்போது அடியில் தடதடப்பு மட்டும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். யாரோ அழுகிறவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி.

இதை யாரோடாவது சேர்ந்து கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது தைரியமாக அண்ணியிடம் போட்டுக் காட்டினேன். அவர் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "வயித்தக் கலக்கற மாதிரி இருக்குதுங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்லியே உங்களுக்கு?" என்றார். பாட்டுக்கும் என் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்லி மாடிக்கு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டு போவேன். ஒருமுறை பக்கத்து சீட்டில் இருந்த பெரியம்மா, காதிலிருந்து கசிந்ததைக் கேட்டுவிட்டு, "கன்னடப் பாட்டாப்பா?" என்றார். "ஆமாங்க" என்றேன். மெக்சிகோ என்று ஆரம்பித்தால் எங்கே கொண்டுபோய் முடிப்பது? "எனக்கு கன்னடம் தெரியும். இது நம்ம பக்கத்துக் கன்னடம் இல்ல, கர்நாடகா உள்பக்கத்துக் கன்னடமா இருக்கும்" என்று அவர் தனக்குத்தானே முடித்துக்கொண்டார்.

கைக்குள் மட்டும் அது வந்துவிட்டது. முதுகு தட்டும்போது எனக்கே தெரியாமல் அந்த நடையில் போகும். ஓசூர்க்காரர் ஒருவர், "என்னாங்க, தூக்கம் வர்ற மாதிரி தட்டுவீங்கன்னு பாத்தா எந்திரிச்சு ஆடணும் போல இருக்குது" என்றார். பக்கத்துப் பாறைக்காரன் அன்றிலிருந்து என்னை 'மெக்சிகோ' என்று கூப்பிட ஆரம்பித்தான். "மெக்சிகோ, எண்ணெய் குடு." "மெக்சிகோ, டீ சொல்லட்டா?" "என்ன மெக்சிகோ, உன் பாட்டு இன்னும் வரலியா? அந்தாளு உன் கைய வெட்டி எடுத்துனு போயிட்டான் போல."

வரவில்லை. ஜூன் முழுக்க வரவில்லை. தினமும் வேலை முடிந்து கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி, கவரைப் பிரித்து முதலில் அதைத்தான் பார்ப்பேன். என் வாழ்க்கையில் இன்னொருவர் காதுக்குப் போகிற மாதிரி நான் ஒன்றும் செய்ததில்லை. தெரியாத ஊரில் தெரியாத ஆட்கள் என் கைச் சத்தத்துக்கு ஆடுவார்கள் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கும். ஆனாலும் நினைப்பேன்.

ஆடி பிறக்கும்போது கர்நாடகாவில் மழை பிடித்துக்கொண்டது. அணைகளில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். காவிரி செம்மண் நிறத்தில் பொங்கி எங்கள் பாறைகளையெல்லாம் மூடியது. அருவியில் குளிக்கத் தடை, பரிசல் ஓட்டத் தடை. ஆளே வரவில்லை. நான் மாடி அறையில் படுத்துக் கிடந்தேன். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் அது வந்தது. கூடவே தாடிக்காரரின் குரலும்.

"அண்ணா, லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. உங்க கை உள்ள இருக்கு. மூணாவது நிமிஷத்துல பாருங்க. பாட்டுக்குக் கீழ உங்க பேரும் போட்டிருக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். முதலில் அந்தச் சுரைக்குடுக்கை. பிறகு பெட்டி. பிறகு பேண்டு செட்டின் பெரிய குழல் மாதிரி ஒன்று அடியில் உறுமியது. எல்லாம் சேர்ந்து ஏறிக்கொண்டே போய், மூன்றாவது நிமிடத்தில் சட்டென்று எல்லாம் நின்றது. நின்ற இடத்தில் கை வந்தது. ஈரத் தோலில் உள்ளங்கை விழுகிற சத்தம். பின்னால் மிக லேசாக அருவி. எட்டு முறை அது தனியாகவே வந்தது. அதன்பிறகு பெட்டி மெதுவாக வந்து அதோடு சேர்ந்துகொண்டது, கடைசிவரை அந்தக் கை நிற்கவே இல்லை.

எத்தனை முறை கேட்டேன் என்று நினைவில்லை. எழுந்து நின்று கேட்டேன். படுத்துக் கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, இது நீதான் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து ஒகேனக்கல் போனேன். பக்கத்துப் பாறைக்காரன் மேலே டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்தான். போட்டுக் காட்டினேன். மூன்றாவது நிமிடம் வந்ததும் எழுந்து நின்றுவிட்டான். "டேய்! டேய் மெக்சிகோ! வந்துட்டடா!" என் கையிலிருந்து பிடுங்கி டீக்கடைக்காரரிடம் கொடுத்து, கடை ஸ்பீக்கரில் போடச் சொன்னான். வேலை இல்லாமல் நின்ற பரிசல்காரர்கள், மீன் கடைக்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். மீன் வறுக்கிற அக்கா ஒருவர், கையில் இருந்த கரண்டியோடு வந்து, "இத்தன வருசத்துல இவன் நாலு வார்த்த பேசி நான் கேட்டதில்ல. இப்ப வெளிநாட்டுக்காரங்கிட்ட பேசறான் பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் ஓடிப்போகவும் தோன்றவில்லை.

செய்தி எனக்கு முன்னால் பென்னாகரம் போய்விட்டது. அன்று சாயந்திரம் தட்டு மாடிப்படிக்கு வரவில்லை. அண்ணன் கீழே கூப்பிட்டார். உட்கார வைத்தார்கள். அண்ணி மீன் குழம்பு ஊற்றி, "அன்னிக்கு ஏதோ சொல்லிட்டங்க, மனசுல வச்சுக்காதீங்க. இன்னொருக்கா போடுங்க" என்றார். அண்ணன் மூன்றாவது நிமிடம் முடிகிறவரை சோற்றில் கை வைக்கவில்லை. கேட்டு முடித்து, "அப்பா இருந்திருந்தா கேட்டிருப்பாரு" என்றார். அவர் என்னோடு அப்பாவைப் பற்றிப் பேசியே பல வருடம் ஆகியிருந்தது. அடுத்த நாளும் தட்டு வரவில்லை, கீழேதான் சாப்பிட்டேன். அதற்கடுத்த நாளும்.

அது நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ. மத்தியானம் அறையில் பாட்டைப் போட்டுவிட்டு, அதோடு சேர்ந்து என் தொடையில் தட்டிப் பார்த்தேன். சும்மா ஒரு ஆசை. பாட்டில் இருக்கிற கையும் இந்தக் கையும் ஒன்றாக விழுவதைக் கேட்கலாம் என்று. விழவில்லை. என் கை முந்தியது. மறுபடி போட்டேன். மறுபடி முந்தியது.

வேகத்தை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். வேகம் சரியாக வந்தது, ஆனால் முடிவு ஒத்துவரவில்லை. நான் நாலு தட்டு தட்டி, கடைசியில் விரல்களைச் சேர்த்து அந்த 'சட் சட்' வைப்பேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்படித்தான் வைப்பார். பாட்டில் இருந்த கை மூன்று தட்டு தட்டி, நாலாவதைக் குழித்து 'டொப்' என்று போட்டு, அப்படியே எண்ணெயோடு கீழே இழுத்தது. அந்த இழுப்பு எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடமாக என் இடது காதுப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற இழுப்பு. அந்தச் சத்தத்தின் கனமும் ஒல்லியான ஆளின் முதுகில் வரக்கூடியது இல்லை.

செல்போன் இருந்தது காய்ந்த பக்கம். அவன் பக்கம்.

சந்தேகத்துக்கு இடம் இருக்கிறதா என்று அன்று முழுக்கத் தேடினேன். ஒரு இடத்திலாவது, மிகப் பின்னாலாவது, என் 'சட் சட்' இருக்கிறதா என்று காதோடு அழுத்தி வைத்துக் கேட்டேன். அருவிச் சத்தம் இருந்தது. ஒரு குழந்தை கத்துவதுகூட ஓர் இடத்தில் இருந்தது. நான் இல்லை.

அது தன் கை என்று அவனுக்கு ஏன் தெரியவில்லை என்றால், அவன் தன் கையைக் கேட்டதே இல்லை. தட்டும்போதெல்லாம் பேசிக்கொண்டே இருப்பான். கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. பத்து நாள் சும்மா இருந்தேன். கீழே போய்ச் சாப்பிட்டேன். அண்ணி யாரோ உறவுக்காரருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டியபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இருபது வருடத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் எனக்கென்று ஒரு இலை விழுகிறது. அது என் கைக்கு விழுந்த இலை இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். நன்றாகத்தான் இறங்கியது. படியேறி அறைக்கு வந்தபிறகுதான் தாங்க முடியாமல் இருக்கும்.

பதினோராவது நாள் டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர், மீன் கடை அக்கா, அவன், மூன்று பேரும் இருந்தார்கள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் மனப்பாடம் செய்த வார்த்தைகள் வாயில் வந்தபோது பாதிதான் இருந்தது. "அந்தப் பாட்டுல இருக்கறது என் கை இல்ல. இவன் கை."

மீன் கடை அக்கா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அக்கா சிரித்தார். "பாரேன், கூச்சத்த! நாலு பேரு பாராட்டினா தாங்க முடியல, தூக்கி அடுத்தவன் தலையில போடறான்."

"நெசமாத்தாங்க."

"அதான் உன் பேரே போட்டிருக்குதேப்பா" என்றார் கடைக்காரர்.

அவன் என் தோளில் கை போட்டு, "வுடுங்க. அவன் அப்படித்தான். நாளைக்கு அவன் வூட்டு ரேசன் கார்டக்கூட என்துன்னு சொல்வான்" என்றான். மறுபடியும் சிரிப்பு. எனக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. பொய்யை அத்தனை நாள் பேசாமலேயே சொன்னேன், எல்லோரும் நம்பினார்கள். உண்மையை வாய் திறந்து சொன்னேன், யாரும் நம்பவில்லை.

தண்ணீர் வடிந்து தடையை எடுத்த முதல் நாள் கூட்டம் குறைவாகத்தான் இருந்தது. பாறைகளில் சேறு படிந்திருந்தது. இருவரும் துடைப்பத்தால் கழுவிவிட்டு உட்கார்ந்தோம். பத்து மணி வரை யாரும் இறங்கி வரவில்லை. நான் சட்டையைக் கழற்றினேன்.

"எனக்குக் கொஞ்சம் தேச்சுவுடு" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நாங்கள் ஒருவருக்கொருவர் தேய்த்துக்கொண்டதில்லை. நான் யார் கையிலும் படுத்ததே இல்லை. "என்னடா, ஒடம்பு சரியில்லியா?"

"தேய்டா."

அவனுடைய பாறையிலேயே குப்புறப் படுத்தேன். கல் குளிர்ந்திருந்தது. கையில் இன்னும் எண்ணெய் படவில்லை என்பதால் நானே பாட்டைப் போட்டு, செல்போனைத் தலைமாட்டில் வைத்தேன். அவன் எண்ணெயை ஊற்றி இடது தோளிலிருந்து ஆரம்பித்தான். வழக்கம்போலப் பேச்சும் ஆரம்பித்தது. மகனுக்கு தர்மபுரியில் காலேஜ் சீட்டு, மழையில் ஒழுகிய ஓடு, மச்சான் செய்த தகராறு. அவன் கை இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்தது. கல்லைப் பார்த்துப் படுத்திருந்ததால் பரவாயில்லை.

"கொஞ்சம் பேசாம தட்டு" என்றேன்.

"அது எப்படிரா?"

"ஒரு நிமிசம்."

அவன் தட்டத் தொடங்கினான். பாட்டு ஏறிக்கொண்டே போய் நின்றது. அந்தக் கை வந்தது. என் முதுகிலும் அதே கை விழுந்தது. முதல் வரிசையில் கொஞ்சம் விலகியிருந்தது. இரண்டாவது வரிசையில் அவன் முயற்சி எதுவும் செய்யாமலே இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூன்று தட்டு, ஒரு 'டொப்', ஒரு இழுப்பு. காதிலும் முதுகிலும் ஒரே நேரத்தில். மூன்றாவது வரிசையில் அவன் கை என் இடுப்புக்கு மேலே அப்படியே நின்றது.

"டேய்."

நான் கல்லில் முகம் வைத்தபடியே கிடந்தேன்.

"டேய்... இது என்துடா."

"அதான் சொன்னன்."

"நெசமாவே சொன்னியாடா நீ?" அவன் குரல் உடைந்தது. "நான் வெளயாட்டுன்னு நெனச்சன்டா."

அவ்வளவுதான். அடுத்த நொடி என் தலைமாட்டில் இருந்த செல்போனைக் காணவில்லை. எண்ணெய்க் கையோடு அதைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினான். வெறும் கால் ஈரப் படியில் அடிக்கிற சத்தம் மேலே போய்க்கொண்டே இருந்தது. "யக்கா! யக்கா! அது என் கையாம்!" என்று கத்துவது கேட்டது. "மொதல்லயே சொன்னான், நாமதான் நம்பல!" கொஞ்ச நேரத்தில் டீக்கடை ஸ்பீக்கரில் பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. நடுவில் நிறுத்தி, கடைக்காரரைச் செல்போனை அமுக்கச் சொல்லி, அவன் பெங்களூர்க்காரருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதும் கேட்டது. அவனுக்கு அதற்குக்கூட ஸ்பீக்கர் தேவையில்லை. "சார், வணக்கங்க, நான் பக்கத்துப் பாறைங்க! அந்தக் கை என்துங்க! பேர மாத்திப் போடுங்க!" பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்தும் என்னால் முடியாததை ஒரு மூச்சில் முடித்துவிட்டான்.

நான் படுத்தே இருந்தேன். அவன் இறங்கி வருவான், விட்ட இடத்திலிருந்து தேய்ப்பான் என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். மேலே சிரிப்புச் சத்தம் கூடிக்கொண்டே போனது. யாரோ விசில் அடித்தார்கள். மூன்றாவது நிமிடம் வந்ததும் எல்லோரும் அமைதியானது கீழே வரை தெரிந்தது. இனி இன்று அவன் வர மாட்டான்.

இடது பாதியில்தான் எண்ணெய் இருந்தது. வலது பாதி காய்ந்து கிடந்தது. எழுந்து உட்கார்ந்து, கிண்ணத்தில் இருந்த மிச்சத்தைக் கையில் ஊற்றி வலது தோளுக்குமேல் தேய்த்துப் பார்த்தேன். கீழிருந்து கையை வளைத்தும் பார்த்தேன். மேலிருந்து வருகிற கையும் கீழிருந்து வருகிற கையும் தொடாமல் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. எட்டியவரை தேய்த்துக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டு, அருவிக்குப் போனேன்.